முதலில் எந்த கிட்டார் ஆல்பம்? பட்டியல்களுக்கு நடுவே நிற்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"கிட்டார் இசையை ஒழுங்காகக் கேட்க ஆரம்பிக்கணும். எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?" என்று கேட்பவர்கள் கூடவே ஒரு குழப்பத்தையும் கொண்டுவருகிறார்கள். இரண்டு மூன்று பட்டியல்களைப் படித்திருப்பார்கள். ஒன்றில் நாலாவது இடத்தில் இருப்பவர் இன்னொன்றில் முப்பதைத் தாண்டிக் கிடப்பார். எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

அந்தக் குழப்பம் நியாயமானது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை மட்டுமே 2003, 2011, 2023 என்று மூன்று முறை மகத்தான கிட்டார் கலைஞர்களை வரிசைப்படுத்தியிருக்கிறது. எடி வேன் ஹேலன் முதல் பட்டியலில் 70-வது, இரண்டாவதில் 8-வது, மூன்றாவதில் 4-வது. எரிக் கிளாப்டன் 4-ல் இருந்து 2-க்கு ஏறி, பிறகு 35-க்கு இறங்கினார். ஜோனி மிட்செல் 72, 75 என்று இருந்துவிட்டு 2023-ல் 9-வது இடத்துக்கு வந்தார். அதே 2023-ல் 6-வது இடம் பெற்ற சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1973-லேயே காலமானவர். அதற்குப் பிறகு அவர் ஒரு சுரம்கூடப் புதிதாக வாசிக்கவில்லை. மாறியது கேட்பவர்களின் காது, தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவர்கள் யார் என்பது. 2003 பட்டியல் டேவிட் ஃப்ரிக் என்ற ஒரே விமர்சகர் போட்டது. 2011-ல் இசைக்கலைஞர்களும் நிபுணர்களும் வாக்களித்தார்கள். மூன்றிலும் அசையாமல் முதலிடத்தில் இருந்தவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஒருவர்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சிறந்த கிட்டார் கலைஞர் யார் என்பதும், சிறந்த கிட்டார் ஆல்பம் எது என்பதும் வேறு வேறு கேள்விகள். ராபர்ட் ஜான்சன் 1936, 37-ல் டெக்சாஸில் பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டு. எல்லாம் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த பழைய இசைத்தட்டுகள். 1938-ல் அவர் இறந்துவிட்டார். அவர் பாட்டுகள் ஓர் ஆல்பமாகத் தொகுக்கப்பட்டது 1961-ல். சக் பெர்ரியின் முக்கியமான கிட்டார் வேலையெல்லாம் இரண்டு, மூன்று நிமிடத் தனிப்பாட்டுகளில் இருக்கிறது. கலைஞர் பட்டியலில் இவர்களை மேலே வைப்பது சரி. ஆனால் ஒரு மாலைநேரம் உட்கார்ந்து முழுதாகக் கேட்க ஓர் ஆல்பம் வேண்டும் என்றால் அந்தப் பட்டியல் உதவாது.

அதனால் இங்கே ஆல்பங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆறு ஆல்பங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவு: கிட்டாரை எடுத்துவிட்டால் ஆல்பம் நிற்குமா? நின்றுவிடும் என்றால் அது நல்ல ஆல்பமாக இருக்கலாம், கிட்டார் ஆல்பம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது: புதிய காதுக்கு, கை என்ன செய்கிறது என்பது பிடிபடுமா? தொடங்குபவருக்கு நான் அதிக மதிப்பெண் தருவது இதற்குத்தான். பிரமிப்பு இரண்டு நாளில் அடங்கிவிடும். "ஓ, தந்தியை இப்படி இழுத்தால் இந்தச் சத்தம் வருகிறதா" என்று புரிந்துவிட்டால் அது போகாது.

மூன்றாவது: இந்த ஆல்பத்துக்குப் பிறகு வாசிக்கும் முறையில் என்ன மாறியது? நான்காவது: பத்தாவது தடவை கேட்கும்போது புதிதாக ஏதாவது கிடைக்கிறதா? அப்புறம், வெளியே தெரியாத செலவுகள். எந்தப் பதிப்பை வாங்குவது, எந்தக் கருவியில் கேட்பது, கற்றுக்கொள்பவர் என்றால் இது கையை எந்தப் பழக்கத்துக்கு இழுத்துப் போகும் என்பதெல்லாம் இதில் சேரும்.

| ஆல்பம் | ஆண்டு | நீளம் (சுமார்) | கிட்டாரின் இடம் | முதல் தடவையே பிடிபடுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| லைவ் அட் த ரீகல் (பி.பி. கிங்) | 1965 | 35 நிமிடம் | குரலோடு சரிபாதி | உடனே | தனி வாசிப்பு குறைவு |
| ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு (ஹென்ட்ரிக்ஸ்) | 1967 | 40 நிமிடம் | முழுக்க | பாதிதான் | இரண்டு பதிப்புகள் |
| அட் ஃபில்மோர் ஈஸ்ட் (ஆல்மன் பிரதர்ஸ்) | 1971 | ஒன்றேகால் மணி | இரண்டு கிட்டார் | பொறுமை வேண்டும் | நேரம் |
| புளோ பை புளோ (ஜெஃப் பெக்) | 1975 | 45 நிமிடம் | பாடகருக்குப் பதில் கிட்டார் | எளிது | அந்தக் காலத்துக் கீபோர்டு ஒலி |
| வேன் ஹேலன் | 1978 | 35 நிமிடம் | முழுக்க | பிரமிப்பு வரும், புரிதல் மெதுவாக | கற்பவரின் கைப்பழக்கம் |
| ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ | 1981 | 40 நிமிடம் | கிட்டார் மட்டுமே | ஹெட்போன் இருந்தால் | வேகத்தால் வரும் களைப்பு |

## லைவ் அட் த ரீகல்: குரலும் தந்தியும்

1964 நவம்பர் 21-ம் தேதி, சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவானது. பி.பி. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ஒரு வரி பாடுவார், அந்த வரி முடியும் இடத்தில் கிட்டார் வந்து பதில் சொல்லும். புதிதாகக் கேட்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. கிட்டார் எங்கே வருகிறது என்று தேடவே வேண்டாம். பாடகர் மூச்சு விடும் இடமெல்லாம் அதன் இடம்.

அவருடைய உறவினர் புக்கா ஒயிட் கிட்டாரில் ஸ்லைடு வாசிப்பவர். தந்தியின் மேல் உலோகக் குழாயை வழுக்கி எடுக்கும் அந்த அழுகை ஒலி கிங்குக்குப் பிடித்திருந்தது, ஆனால் அவர் கைக்கு அது வரவில்லை. அதற்குப் பதிலாக இடது கை விரலை ஒரே இடத்தில் அழுத்தி, மணிக்கட்டோடு சேர்த்து அசைத்து, அதே நடுக்கத்தை வரவழைத்தார். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இருக்காது. ஒரு சுரத்தைப் பிடித்து அதை அசைத்து உயிர் கொடுப்பது நமக்குத் தெரிந்த சங்கதிதான். ராகமும் இலக்கணமும் வேறு, ஆனால் 'ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்' பாட்டில் அவர் ஒரே ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தும்போது கூட்டம் கத்துகிறதே, அந்தக் கத்தல் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய கிட்டாருக்கு லூசில் என்று பெயர். 1949 குளிர்காலத்தில் ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற ஊரின் நடனக் கூடத்தில், லூசில் என்ற பெண்ணுக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்ள, எரிந்துகொண்டிருந்த எண்ணெய்ப் பீப்பாய் கவிழ்ந்து தீ பிடித்தது. வெளியே ஓடி வந்தவர் கிட்டாரை எடுக்க மறுபடி உள்ளே போனார். அப்படி இனி செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்டத்தான் அந்தப் பெயரை வைத்தார்.

இதில் குறை என்ன? கிட்டார் தனியாகப் பாயும் இடங்கள் சின்னவை. ஊதுகருவிகள் நிறைய இருக்கும். காதைக் கிழிக்கும் ராக் ஒலியை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பாட்டு கேட்டே பழகியவர், கருவி இசையில் மனம் நிற்காதவர், கிட்டார் கற்க ஆரம்பித்து மூன்றே மாதம் ஆனவர் ஆகிய மூவருக்கும் இதுதான் சரி.

## ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு: கருவியையே மாற்றியது

மூன்று பட்டியலிலும் முதலிடம் ஏன் என்று இந்த ஆல்பம் கேட்டால் தெரியும். மின்சார கிட்டார் என்றால் சத்தமாக ஒலிக்கும் கிட்டார் என்றுதான் அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபையர் உறுமுவது, ஒலி திரும்பி வந்து ஊளையிடுவது, டேப்பைத் தலைகீழாக ஓட்டுவது என எல்லாவற்றையும் ஹென்ட்ரிக்ஸ் இசையின் சொற்களாக்கினார். 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பில் ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு சுரம் ஒட்டிக்கொண்டு வரும். ரோஜர் மேயர் என்ற மின்னணு வல்லுநர் செய்து தந்த ஆக்டேவியா என்ற சின்னப் பெட்டியின் வேலை அது.

வலதுகைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற வகை மின்சார கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி, இடது கையால் மீட்டினார். பெரிய கைகள். கழுத்தின் மேல்பக்கம் கட்டைவிரலை வளைத்துக் கீழ்ச்சுரத்தைப் பிடிப்பார், மற்ற நான்கு விரல்கள் மெட்டுக்கு விடுதலையாகிவிடும். 'த விண்ட் க்ரைஸ் மேரி' கேளுங்கள். தாளத்துக்கான கிட்டார், ராகத்துக்கான கிட்டார் என்று பிரிக்கவே முடியாது. ஹென்ட்ரிக்ஸ் என்றால் இரைச்சல் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

இங்கே செலவு பதிப்பில் இருக்கிறது. 1967 மே மாதம் பிரிட்டனில் வந்த தட்டில் 'ஹே ஜோ', 'பர்ப்பிள் ஹேஸ்', 'த விண்ட் க்ரைஸ் மேரி' மூன்றும் கிடையாது, அவை தனித்தட்டாக வந்திருந்தன. ஆகஸ்டில் வந்த அமெரிக்கத் தட்டில் இந்த மூன்றும் சேர்ந்தன, ஆனால் 'ரெட் ஹவுஸ்' உட்பட மூன்று பாட்டுகள் வெளியே போயின. பழைய தட்டு வாங்குபவர் பின்னட்டையைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 1997-ல் இருந்து வரும் 17 பாட்டுப் பதிப்பில் எல்லாமே இருக்கிறது, அதுவே போதும்.

இன்னொரு செலவும் உண்டு. ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டவை என்பதால் எது கை செய்தது, எது பெட்டி செய்தது, எது டேப் செய்தது என்று புதியவருக்குப் பிரிக்க முடியாது. கற்றுக்கொள்பவர்கள் பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டி) வாங்க ஓடிவிடுகிறார்கள். நானும் ஓடினேன். பெடல் வந்தது, ஒலி வரவில்லை, ஏனென்றால் அந்த ஒலியில் பாதி அவருடைய மீட்டும் கையின், அதாவது இடது கையின், தாளத்தில் இருந்தது. அதனால் இது இரண்டாவது ஆல்பமாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

## அட் ஃபில்மோர் ஈஸ்ட்: நேரம் இருப்பவர்களுக்கு

1971 மார்ச் 12, 13 தேதிகளில் நியூயார்க்கில் பதிவான கச்சேரி. மூலத்தட்டுகளின் நான்கு பக்கங்களில் ஏழே பாட்டு. 'விப்பிங் போஸ்ட்' மட்டும் 23 நிமிடம் ஓடும். டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் இருவரும் இரண்டு கிட்டாரில் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள், பிரிவார்கள், மறுபடி சந்திப்பார்கள். டுவேன் ஸ்லைடு வாசித்தது கோரிசிடின் என்ற சளி மாத்திரையின் கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு. முதல் பாட்டின் முதல் நொடியிலேயே அந்தக் குப்பியின் ஒலி கேட்கும். அதே வருடம் அக்டோபர் 29-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் இறந்தார். வயது 24.

ஆலாபனையை அரைமணிநேரம் பொறுமையாகக் கேட்கிறவர்களுக்கு இது வீடு மாதிரி இருக்கும். மூன்று நிமிடப் பாட்டுக்கே பழகியவர்கள் பதினைந்தாவது நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார்கள். பயணத்தில் கேட்க வேண்டாம், இடையில் நிறுத்தினால் கட்டியெழுப்பியது எல்லாம் சரிந்துவிடும். பின்னால் வந்த நீட்டிக்கப்பட்ட பதிப்புகளையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், அந்த ஏழு பாட்டே ஒரு முழுமை.

## புளோ பை புளோ: பாட்டே இல்லாமல்

நம் ஊரில் திரைப்பாட்டுகளைக் கருவியில் மட்டும் வாசித்த கேசட்டுகளை விரும்பிக் கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்தது. பாடகரே இல்லாத இந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4-வது இடம் வரை போனது.

ஸ்டீவி வொண்டர் எழுதிய 'காஸ் வீ'வ் எண்டட் ஆஸ் லவ்வர்ஸ்' இதன் நெஞ்சம். தந்தியை மீட்டிய பிறகு ஜெஃப் பெக் ஒலியளவுத் திருகைச் சுண்டுவிரலால் மெல்லத் திறப்பார், சுரம் தொடக்கமே தெரியாமல் மூச்சு மாதிரி எழும். தெளிவு, பத்தாவது தடவை என்ற இரண்டு அளவிலும் இது மேலே நிற்கும். சில இடங்களில் எழுபதுகளின் கீபோர்டு ஒலி பழசாகப் படும், அவ்வளவுதான் குறை. ஜெஃப் பெக் 2023 ஜனவரியில் மறைந்தார். ரோலிங் ஸ்டோனின் 2011, 2023 பட்டியல்கள் இரண்டிலும் அவர் ஐந்தாவது இடத்தோடு நின்றது எனக்கு உறுத்தல்தான். ஒரே சுரத்தை இத்தனை விதமாகச் சொல்லத் தெரிந்த கை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

## வேன் ஹேலன்: வேகத்தின் வாசல்

இந்த ஆல்பத்தில் வரும் தனி கிட்டார் வாசிப்பான 'இரப்ஷன்' 1 நிமிடம் 42 நொடி. வலது கை விரல்களையும் கழுத்துக்குக் கொண்டுவந்து தந்தியைத் தட்டி வாசிக்கும் டேப்பிங் உத்தி இதற்கு முன்பே இருந்தது, ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் எழுபதுகளின் தொடக்கத்திலேயே செய்திருக்கிறார். ஆனால் உலகத்தின் தூக்கத்தைக் கலைத்தது 1978 பிப்ரவரியில் வந்த இந்தத் தட்டுதான். அதை வாசித்த கிட்டாரும் கடையில் வாங்கியது அல்ல. 50 டாலர் உடல், 80 டாலர் கழுத்து, மற்றவை அங்கங்கே எடுத்த உதிரிகள், எடியே சேர்த்துப் பூட்டியது. இந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

கேட்பவருக்கு ஒரு எச்சரிக்கை. கிட்டார் பெரும்பாலும் இடது ஸ்பீக்கரில் இருக்கும், அதன் எதிரொலி வலதில். ஒற்றை ஸ்பீக்கர் போனில் கேட்டால் அந்த அகலம் கிடைக்காது.

கற்பவருக்கு இன்னும் பெரிய எச்சரிக்கை. என் நண்பன் ஒருவன் கிட்டார் வாங்கிய முதல் மாதமே 'இரப்ஷன்' பழக உட்கார்ந்தான். இரண்டு வருடம் கழித்தும் தாளத்தோடு ஒரு பாட்டுக்குக் கூட வாசிக்க வரவில்லை, கிட்டார் அலமாரிக்கு மேலே போய்விட்டது. எடியின் உண்மையான பலம் தாள வாசிப்பில் இருக்கிறது. 'எய்ன்ட் டாக்கின் பவுட் லவ்' பாட்டில் அந்தத் தொடக்க மெட்டு எவ்வளவு தளர்வாகவும் எவ்வளவு சரியாகவும் நடக்கிறது என்று கேட்டால் தெரியும். உடற்பயிற்சி செய்யும்போது கேட்க, சோர்ந்த நாளில் தூக்கிவிட, ஏற்கெனவே மூன்று நான்கு வருடம் வாசித்துத் தேங்கி நிற்பவருக்குப் புதுப்பாதை காட்ட இது நல்ல தேர்வு.

## ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ, கூடவே ஒரு பக்கவழி

1980 டிசம்பர் 5, வார்ஃபீல்ட் தியேட்டர். பாக்கோ டி லூசியா, ஜான் மெக்லாக்லின், அல் டி மியோலா என மூவர், மூவரிடமும் மின்சாரம் இல்லாத கிட்டார். ஹெட்போன் மாட்டினால் இடதில் பாக்கோ, நடுவில் ஜான், வலதில் அல். பாக்கோ விரலால் வாசிப்பவர், மற்ற இருவரும் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) பிடிப்பவர்கள். விரல் நகத்தின் ஒலிக்கும் பிக்கின் ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு நான் கேட்டதில்லை.

ஆனால் வேகம் ஏற ஏறக் கூட்டம் கூவும், கூவக் கூவ வேகம் ஏறும். முழுதாக ஒரே மூச்சில் கேட்டால் அலுப்பு வரும். கடைசிப் பாட்டு மட்டும் ஸ்டூடியோவில் பதிவானது, அது கொஞ்சம் ஆசுவாசம்.

இங்கிருந்து மெக்லாக்லினைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் நமக்கு நெருக்கமான ஓர் இடம் வரும். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம் என்று அவர் அமைத்த சக்தி குழுவின் முதல் ஆல்பம் 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் மேடையில் பதிவாகி 1976-ல் வந்தது. அதற்காகவே செய்த கிட்டாரின் கழுத்தில் ஃப்ரெட் என்ற குறுக்குக் கம்பிகளுக்கு இடையே மரத்தைக் குழித்திருப்பார்கள், தந்தியை ஆழமாக இழுத்துக் கமகம் கொடுப்பதற்காக. ஒலித்துளைக்குக் குறுக்கே தனியாக ஏழு தந்திகள் சுருதிக்கு அதிரும். கச்சேரி கேட்டுப் பழகியவர் என்றால் மேலே சொன்ன ஆறையும் தள்ளிவைத்துவிட்டு இதிலேயே ஆரம்பிக்கலாம். இதன் முதல் பாட்டு 'ஜாய்' 18 நிமிடம். கடமும் கிட்டாரும் பேசிக்கொள்ளும் இடத்தில் உங்களுக்கு வழிகாட்டியே தேவைப்படாது.

## லெட் செப்ளின் எங்கே என்று கேட்பவர்களுக்கு

1971-ல் வந்த அவர்களின் நாலாவது ஆல்பம் பல பட்டியல்களில் மேலே இருக்கும். மகத்தான ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டை நினைத்தால் முதலில் மனதுக்கு வருவது ஹெட்லி கிரேஞ்ச் வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் பதிவு செய்த ஜான் பான்ஹமின் டிரம்ஸ். அதனால் என் முதல் அளவில் அது தேறவில்லை. நீங்கள் ஒரு ராக் குழு மொத்தமாக எப்படி ஒலிக்கும் என்று தேடுகிறீர்கள் என்றால் அதை எடுங்கள்.

## அப்போ எதை எடுப்பது

ஒன்றே ஒன்று என்றால் என் வாக்கு 'லைவ் அட் த ரீகல்'. இரண்டாவது ஹென்ட்ரிக்ஸ். வார்த்தையே வேண்டாம் என்பவர் ஜெஃப் பெக்கில் தொடங்கட்டும். கச்சேரிக் காது இருப்பவர் சக்தியில். நேரமும் நல்ல ஸ்பீக்கரும் இருப்பவர் ஃபில்மோரில். வேன் ஹேலனையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் மூன்றாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அந்த வேகத்துக்குள் என்ன நடக்கிறது என்று காது தானாகப் பிரிக்கும்.

ஏன் இந்த வரிசை என்று சந்தேகம் இருந்தால் இன்றிரவே ஒரு பத்து நிமிடம் செலவழிக்கலாம். ரீகலில் 'ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்' முடிந்ததும் உடனே ஹென்ட்ரிக்ஸின் 'ரெட் ஹவுஸ்' போடுங்கள். 17 பாட்டுப் பதிப்பில் இருக்கிறது. அதே பன்னிரண்டு பார் ப்ளூஸ் (பன்னிரண்டு தாளச் சுற்றுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் பாட்டு வடிவம்), அதே பாடி முடித்துப் பதில் சொல்லும் வழக்கம், சுரத்தைப் பிடித்து அசைக்கும் அதே விரல். இரண்டு பதிவுகளுக்கும் நடுவே இரண்டரை வருடம்கூட இல்லை.